பொங்கல் பந்தியில் ஏழு பிள்ளைகள்

கேள்வி: எங்கள் ஊர் தென்காசிக்குப் பக்கத்தில். பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் பெங்களூரிலிருந்தும் கொழுந்தன் குடும்பம் சென்னையிலிருந்தும் வருவார்கள். எங்கள் பிள்ளைகளையும் சேர்த்தால் வீட்டில் ஏழு பேர். மூத்தவனுக்கு 11 வயது, ஒருவனுக்கு 3 வயது, கடைசிக் கைக்குழந்தைக்கு 11 மாதம். போன வருடம் நானும் அத்தையும் விடிகாலை 3 மணிக்கே எழுந்து பதினாறு வகை சமைத்தோம். பிள்ளைகள் அப்பளத்தையும் பாயசத்தையும் மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிட்டார்கள். சாயங்காலம் பசிக்கிறது என்று அழ, நூடுல்ஸ் செய்து கொடுத்தோம். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். இந்த முறை பிள்ளைகளுக்குத் தனியாக பாஸ்தா, ஃப்ரைடு ரைஸ் செய்துவிடலாம் என்கிறார் நாத்தனார். அத்தைக்கு அதில் இஷ்டமில்லை. நாத்தனாரின் 6 வயது மகளுக்கு நிலக்கடலை ஆகாது, உதடு வீங்கிவிடும். எல்லாரும் வயிறாரச் சாப்பிட ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார் என்று படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. 3 மணியிலிருந்து அடுப்போடு நின்ற உங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் தெரிகிறது. குழந்தைகளுக்கான உணவியல் ஆலோசகராக 20 வருடமாக மதுரையில் இருக்கிறேன். பொங்கல் முடிந்த வாரத்தில் என்னைப் பார்க்க வரும் தாய்மார்கள் பலர் சொல்வதும் இதே கதைதான்.

முதலில் பாஸ்தா பேச்சை முடித்துவிடுவோம். வேண்டாம். பாஸ்தா கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டு சமையல் என்றால் வேலை உங்கள் தலையில்தான் விழும். அதோடு, தனக்கு வேறு சாப்பாடு வருகிறது என்று தெரிந்த பிள்ளை இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தாத்தாவும் ஆச்சியும் சாப்பிடுவது தனக்கான சாப்பாடு இல்லை என்று அதன் மனதில் பதிந்துவிடும். பொங்கல் விருந்தில் பிள்ளைகளுக்குப் பிடித்த இனிப்பும் நெய்யும் மொறுமொறுப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. உறைப்பையும், நேரத்தையும், பரிமாறும் அளவையும் கொஞ்சம் மாற்றினால் அதே விருந்தை அவர்களும் சாப்பிடுவார்கள். அத்தை சொல்வதுதான் சரி, ஆனால் போன வருடம் செய்த மாதிரியே செய்தால் சரிவராது.

போன வருடம் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. பிள்ளைகளை இருட்டோடு எழுப்பிக் குளிக்க வைத்திருப்பீர்கள். பானை பொங்கி, பூசை முடிந்து, எல்லாருக்கும் விபூதி பூசி முடிக்க வெயில் ஏறியிருக்கும். நடுவில் கரும்பு, முறுக்கு, அதிரசம், யாரோ வாங்கிவந்த கலர் பானம் எல்லாம் உள்ளே போயிருக்கும். பெரியவர்கள் பந்தி முடிந்து மத்தியானம் 2 மணிக்கு மேல் பிள்ளைகளை உட்கார வைத்து, இலை நிறையப் பதினாறு வகையையும் வைத்து, ‘வச்சதை மிச்சம் வைக்காமல் சாப்பிடணும்’ என்று ஒருவர் பக்கத்தில் நின்றிருப்பார். தூக்கக் கலக்கத்தில், இனிப்பால் பசி மந்தித்துப்போன 5 வயதுப் பிள்ளை அப்பளத்தை மட்டும் எடுப்பதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் நேரத்தை முதலில் சரிசெய்யுங்கள். எழுந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் பால். பொங்கல் பானை இறங்கி, சாமிக்குப் படைத்த கையோடு, 8 மணி வாக்கில் பிள்ளைகளுக்குப் பால் பொங்கலும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு பந்தி வரைக்கும் தண்ணீர், மோர், இளநீர், இவ்வளவுதான். கரும்பைச் சாயங்காலத்துக்கு ஒதுக்குங்கள். மத்தியானப் பந்தி 12 மணிக்கு, பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி. அவர்களை மட்டும் தனியாக உட்கார வைக்காமல் மாமனாரையும் அந்த வரிசை நடுவில் உட்கார வையுங்கள். பெரியவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் புது ருசியை வாயில் வைப்பார்கள். தாத்தா கிழங்குக் குழம்பைப் பிசைந்து சாப்பிடும் அழகை அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.

பதினாறு வகையை எட்டாகக் குறையுங்கள். அத்தையிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். ‘நாமும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடணும் அத்தை’ என்று சொல்லிப் பாருங்கள்.

காலையில் பால் பொங்கலும் கிழங்குக் குழம்பும் உங்கள் பக்கத்தில் கட்டாயம் இருக்கும், அதில் கைவைக்க வேண்டாம். சேனை, சேப்பங்கிழங்கு, சிறுகிழங்கு, பூசணி, அவரை, வாழைக்காய் எல்லாம் வெந்ததும், புளியும் மிளகாய்ப் பொடியும் சேர்ப்பதற்கு முன்பு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுங்கள். அதில் வெந்த பருப்பையும் ஒரு கரண்டி நெய்யையும் விட்டால் சின்னவர்களுக்கான குழம்பு ஆயிற்று. அடுப்பும் பானையும் ஒன்றுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சேனையும் சேப்பங்கிழங்கும் புளியில்லாமல் சிலருக்குத் தொண்டை அரிக்கும். அதனால் எடுத்து வைக்கிற கிண்ணத்தில் பூசணி, சிறுகிழங்கு, வாழைக்காய் மட்டும் இருக்கட்டும்.

மத்தியானத்துக்குச் சாம்பாருக்குப் பதிலாகச் சொதி வையுங்கள் என்பேன். திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு அது, விருந்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உறைப்பும் புளியும் அதிகம் இல்லாமல் தேங்காய்ப் பாலின் இனிப்போடு இருப்பதால், என்னிடம் வரும் ‘குழம்பே ஆகாது’ என்கிற பிள்ளைகள்கூட இதைச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கூட்டத்துக்கு மூன்று பெரிய தேங்காய் வேண்டும். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, முருங்கைக்காய் எல்லாவற்றையும் மூன்றாம் பாலில் வேகவிட்டு, குழைய வெந்த பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலையும் விட்டு ஒரு கொதி வரட்டும். இஞ்சியை அரைத்துச் சாறாகச் சேருங்கள். பச்சை மிளகாயைக் கீறாமல் காம்போடு முழுசாகப் போட்டு, இறக்கும்போது எண்ணி எடுத்துவிடுங்கள். வாசனை நிற்கும், உறைப்பு இறங்காது. கடைசியில் தீயைக் குறைத்து முதல் பாலை விட்டு, நுரை கூடுகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகுதான். பெரியவர்களுக்குத் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வறுவல். தேங்காய்ப் பால் சேர்ந்ததை ராத்திரி வரை வெளியே வைக்காதீர்கள், மிச்சமிருந்தால் ஆறியதும் குளிர்பெட்டிக்குள் போகட்டும்.

மற்றபடி பருப்பு, நெய், அவரைக்காய்ப் பொரியல், பூசணிப் பச்சடி, அப்பளம், தயிர் என்று வைத்தால் போதும். வடையை உங்கள் இஷ்டத்துக்கு விடுகிறேன்.

சர்க்கரைப் பொங்கலில் இரண்டு விஷயம். வெல்லமும் கருப்பட்டியும் சீனியை விட நல்லது என்று சொல்லி அள்ளி வைப்பவர்கள் உண்டு. உடம்புக்கு அவையும் சர்க்கரைதான். 250 கிராம் பச்சரிசிக்கும் 60 கிராம் பாசிப்பருப்புக்கும் அரைக் கிலோ வெல்லம் போடுவது பல வீடுகளில் வழக்கம். பாலும் நெய்யும் தாராளமாக இருந்தால் 250 கிராம் வெல்லமே நன்றாக இனிக்கும். அப்படிச் செய்த பொங்கலில் ஒரு சின்னக் கிண்ணம், அதாவது 100 கிராம், சாப்பிட்டால் ஏறத்தாழ 18 கிராம் வெல்லம் சேரும். ஒரு நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சேர்க்கும் சர்க்கரை 10 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 வயதுப் பிள்ளைக்கு அது ஏறத்தாழ 30 கிராம். பண்டிகை நாளில் பொங்கலுக்கு நான் கணக்குப் பார்க்க மாட்டேன், பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடட்டும். ஆனால் 250 மில்லி பாட்டில் பானம் ஒன்றிலேயே 25 கிராம் வரை சர்க்கரை போய்விடும். அந்த பாட்டில்கள் அன்றைக்கு வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பச்சைக் கற்பூரம். பொங்கலில் அது வேண்டவே வேண்டாம், ஏலக்காயும் சுக்கும் போதும். கற்பூரம் சின்னப் பிள்ளைகளுக்கு விஷம், கொஞ்சம் அதிகமாக உள்ளே போனாலும் வலிப்பு வரும். அவசரத்தில் பூசைக்கு வைத்த சூடத்தையே நுணுக்கிப் போட்டுவிட்டதாக என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். சூடம் டப்பாவும் அன்றைக்கு 3 வயதுக் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இனி நிலக்கடலை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. போன தடவை உதடு மட்டும் வீங்கியது என்றால் இந்தத் தடவையும் அதோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. இப்போதே நாத்தனாருக்கு போன் செய்து, மருத்துவர் என்ன சொல்லியிருக்கிறார், என்ன மருந்து கொடுத்திருக்கிறார் என்று கேட்டு, அதை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் நிறையப் புழங்கும். செக்கு எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், ஒவ்வாமைக்குக் காரணமே அந்தப் புரதம்தான். பொங்கல் முடியும் வரை வீட்டுச் சமையல் முழுவதும் தேங்காய் எண்ணெயிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ நடக்கட்டும். கடையில் வாங்கும் முறுக்கும் மிக்சரும் எந்த எண்ணெயில் பொரித்தது என்று தெரியாது, அதை அந்தக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வாங்கிவரும் உறவுக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மற்ற ஆறு பிள்ளைகளிடமும் ‘பாப்பாவுக்குக் கடலை ஆகாது, யாரும் ஊட்டிவிடக் கூடாது’ என்று காரணத்தோடு சொல்லுங்கள், அவர்கள் பெரியவர்களை விடக் கவனமாக இருப்பார்கள். உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல், குரல் மாறுவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கைக்குழந்தைக்குப் பால் பொங்கலையும் பருப்பையும் நன்றாக மசித்துக் கொஞ்சம் நெய் விட்டு ஊட்டலாம். அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசித்துக் கொடுத்தால் தனியாக இனிப்பே தேவையில்லை. உப்பும் வெல்லமும் வேண்டாம். நாக்கில் தேன் தொட்டு வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் கண்டிப்பாகத் தடுங்கள், ஒரு வயது முடியும் வரை தேன் ஆபத்து. 3 வயதுப் பிள்ளைக்கு முழு முந்திரி, முழு திராட்சைப் பழம், கரும்புத் துண்டு மூன்றும் தொண்டையில் சிக்கக்கூடியவை. முந்திரியைப் பொடியாக உடைத்துப் போடுங்கள், கரும்பைச் சாறாகக் கொடுங்கள்.

இலை போடும்போது பிள்ளைகளுக்குச் சின்ன இலை. ஒவ்வொரு வகையும் ஒரு தேக்கரண்டிதான், சோறும் இரண்டு கை. கேட்டால் மறுபடி வைக்கலாம். எதை, எப்போது பரிமாறுவது என்பது நம் பொறுப்பு. அதில் எவ்வளவு சாப்பிடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதைப் பிள்ளை முடிவுசெய்யட்டும். இருபது வருடத்தில் நான் தாய்மார்களிடம் அதிகம் தடவை சொல்லியிருப்பது இதைத்தான். ‘பொரியலைச் சாப்பிட்டால்தான் பாயசம்’ என்று யாரும் பேரம் பேசக் கூடாது. அப்படிச் சொன்னால் பொரியல் தண்டனையாகவும் பாயசம் பரிசாகவும் ஆகிவிடும். நம் பந்தியில் இலையின் ஓரத்தில் முதலிலேயே இனிப்பை வைக்கிறோமே, எவ்வளவு நல்ல வழக்கம் அது. பிள்ளை அதை முதலில் எடுத்துச் சாப்பிடட்டும், மனசு நிறைந்து மற்றதுக்கு வரும். மறுபடி இனிப்பு கேட்டால் ‘சாயங்காலம் தருகிறேன்’ என்று சொல்லி, சொன்னபடி கொடுத்துவிடுங்கள். அவரைக்காயைத் தொடாமல் எழுந்தாலும் அன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். புதுசாக ஒரு காயைப் பிடிக்கிறது என்று சொல்ல ஒரு பிள்ளைக்குப் பத்துத் தடவையாவது அதைப் பார்த்துப் பழக வேண்டியிருக்கும். உங்கள் பந்தி அதில் ஒரு தடவை.

ருசி பார்க்க வைப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, முதல் நாளே பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பது. நிஜமான வேலை. சிறுகிழங்கை மண்போகத் தண்ணீரில் ஊறப்போட்டு, சணல் சாக்கில் கொட்டி வாயைக் கட்டி, இரண்டு பிள்ளைகளிடம் ஆளுக்கொரு முனையைக் கொடுங்கள். தரையில் புரட்டிப் புரட்டித் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். சாக்கைப் பிரிக்கும்போது உள்ளே கோலிக்குண்டு மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் கிழங்கைப் பார்த்து அவர்கள் போடும் சத்தத்தைக் கேளுங்கள். முந்தின ராத்திரியே ஊறவைத்த மொச்சையைப் பிதுக்குவது சின்னவர்களுக்கு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாயும், பாதி மடியில் விழும், பரவாயில்லை. பிதுக்கிய பருப்பு மெத்தென்று வேகும், தோல் இல்லாததால் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் தேங்காய்ப் பால் பிழியட்டும். மறுநாள் பந்தியில் ‘இது நான் உரிச்ச கிழங்கு’ என்று ஒரு குரல் வரும். உரித்தவனும் சாப்பிடுவான், அவனோடு சண்டை போடுகிறவனும் ருசி பார்ப்பான்.

பானை பொங்கும்போது எல்லாரும் சுற்றி நின்று ‘பொங்கலோ பொங்கல்’ சொல்ல வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஓலை எரிகிற அடுப்பிலிருந்து ஐந்தடி தள்ளி ஒரு கோலத்தைப் போட்டு, அதுதான் எல்லை என்று சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் பருத்தி உடை, பளபளக்கும் நைலான் பாவாடை பிறகு.

உங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை நினைவுபடுத்த ஆசைப்படுகிறேன். சிறுவீட்டுப் பொங்கல். தை மாதத்தில் சிறுமிகளுக்காக முற்றத்தில் களிமண்ணால் சின்னதாக வீடு கட்டி, அதில் அவர்களே பொங்கல் வைப்பது. மார்கழி முழுக்க வாசலில் வைத்த பூசணிப்பூ, எரு எல்லாம் அதோடு ஆற்றுக்குப் போகும். அத்தை சின்ன வயதில் நிச்சயமாகச் செய்திருப்பார். மாட்டுப் பொங்கலன்றோ மறுநாளோ, ஊருக்குத் திரும்புவதற்கு முன், அத்தையை வைத்து இந்த ஏழு பிள்ளைகளுக்கும் ஒரு சிறுவீடு கட்டிக் கொடுங்கள். இப்போது ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை. ஒரு சின்னப் பித்தளைப் பானையும் ஒரு உழக்கு அரிசியும் போதும். அந்தப் பொங்கல் அடிப்பிடித்திருந்தாலும் வழித்துத் தின்பார்கள்.

வீட்டில் ஏதாவது ஒரு பிள்ளை பண்டிகை நாளில் மட்டும் என்று இல்லாமல் எப்போதுமே இரண்டு மூன்று உணவுக்கு மேல் எதையும் தொடவில்லை, எடை ஏறவில்லை, விழுங்கும்போது புரையேறுகிறது என்றால், அது பந்தியில் தீர்கிற விஷயம் இல்லை. குழந்தைகள் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக மாமனாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாயங்காலத்துக்குப் பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து வைத்துவிடுங்கள். திண்ணையில் அவரை நடுவில் உட்கார வைத்து, கிழங்குச் சட்டியையும் ஏழு பிள்ளைகளையும் அவரிடம் ஒப்படையுங்கள். மேல் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டை உருவி எடுத்து, நாரை இழுத்துவிட்டு, விரல் நீளத்துக்கு ஒடித்துக் கொடுக்க அந்தக் கை வேண்டும். பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு வேறு யாரும் அதைச் சொல்லித்தர மாட்டார்கள். 3 வயதுக்காரனுக்கு மட்டும் நார் போக இடித்து, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் கருப்பட்டியும் சேர்த்து உருண்டையாகப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.